அப்டேட் செய்தாலும் ஆபத்து போகாதா? கிரிப்டோ வாலட் எக்ஸ்டென்ஷன் பிழைகள் டெஸ்ட்டில் சிக்காமல் தப்புவது எப்படி?

2022 நவம்பர் 14. செல்போன் ஆப்பாகப் பிரபலமான டிரஸ்ட் வாலட் நிறுவனம், கம்ப்யூட்டர் பிரவுசரிலும் பயன்படுத்தும் வகையில் ஒரு எக்ஸ்டென்ஷனை வெளியிட்டது. குரோமில் சேர்த்தால் போதும், புது வாலட் ரெடி. "இந்த 12 ஆங்கிலச் சொற்களை எழுதி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று திரையில் வந்தது. பலரும் எழுதி வைத்தார்கள். பணம் போட்டார்கள், எடுத்தார்கள். எங்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் நவம்பர் 14 முதல் 23 வரை அந்த எக்ஸ்டென்ஷனில் புதிதாக உருவான ஒவ்வொரு வாலட்டின் 12 சொற்களையும், சில கிராபிக்ஸ் கார்டுகள் வைத்திருக்கும் ஒருவரால் ஒரே நாளுக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாஸ்வேர்ட் திருடத் தேவையில்லை, போலி லிங்க் அனுப்பத் தேவையில்லை. பயன்படுத்தியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு, சொற்களைத் தேர்வு செய்த நிரலில் இருந்தது.

பிழை சில நாட்களில் சரிசெய்யப்பட்டது. அப்படியும் அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் டாலர் களவு போனது. சரிசெய்த பிறகும் எப்படித் திருட முடிந்தது? அதைப் புரிந்துகொள்ள, வாலட் எக்ஸ்டென்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாலட்டுக்குள் பணம் இருக்கிறதா?

இல்லை. வாலட் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் ஒரு காசும் கிடையாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு பிளாக்செயினில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து பணத்தை நகர்த்த ஒரு ரகசியச் சாவி வேண்டும். வாலட் எக்ஸ்டென்ஷன் செய்வது மூன்று வேலைகள்: சாவியை உருவாக்குவது, அதைப் பூட்டி வைப்பது, நீங்கள் 'கன்ஃபர்ம்' அழுத்தும்போது அந்தச் சாவியால் கையெழுத்துப் போடுவது.

வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் மேனேஜரிடம் போய் நிற்கலாம். இங்கே மேனேஜர் கிடையாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அவர் திருடரா, நீங்களா என்று பிளாக்செயின் கேட்காது.

அந்த 12 சொற்கள்தான் சாவியின் மூலம். 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. (ஜப்பான், கொரிய, ஸ்பானிஷ் மொழிகளிலும் இந்தப் பட்டியல் உண்டு. தமிழில் இன்னும் இல்லை.) பட்டியல் எல்லோருக்கும் தெரியும் என்றால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? எந்தச் சொற்கள், எந்த வரிசையில் என்பதில்தான். சரியான முறையில் தேர்வு செய்தால், 340 என்று எழுதி அதன் பின்னால் 36 பூஜ்ஜியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையில் சேர்க்கைகள் சாத்தியம். உலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களையும் சேர்த்து ஓட்டினாலும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க முடியாத எண் அது.

"சரியான முறையில்" என்பதுதான் இங்கே முக்கியம்.

டிரஸ்ட் வாலட்டில் நடந்தது என்ன?

கம்ப்யூட்டரால் சும்மா ஒரு எண்ணை நினைத்துச் சொல்ல முடியாது. தற்செயலான எண் வேண்டும் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். வன்பொருளில் நிகழும் கணிக்க முடியாத சிறு சிறு நிகழ்வுகளிலிருந்து அது எண்களைத் திரட்டித் தரும். டிரஸ்ட் வாலட்டின் செல்போன் ஆப் அப்படித்தான் செய்தது. அதில் பிரச்னை இல்லை.

பிரவுசருக்காக அதே மென்பொருளை வெப் அசெம்ப்ளி என்ற வடிவத்துக்கு மாற்றியபோது, அந்த ஒரு இடத்தில் மட்டும் வேறு கருவி வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் மெர்சென் ட்விஸ்டர். 1997-இல் ஜப்பானியக் கணித அறிஞர்கள் மகோடோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா இருவரும் உருவாக்கியது. அறிவியல் கணக்கீடுகள், விளையாட்டுகள் போன்றவற்றுக்கு அருமையான கருவி. ஆனால் ரகசியச் சாவி உருவாக்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

காரணம் எளிது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து மெர்சென் ட்விஸ்டர் ஒரு நீண்ட எண் வரிசையைப் பொழியும். அதே தொடக்க எண்ணை நாளைக்குக் கொடுத்தாலும் அதே வரிசைதான் வரும். டிரஸ்ட் வாலட் எக்ஸ்டென்ஷனில் அந்தத் தொடக்க எண் 32 பிட் அளவு கொண்டது. அப்படியென்றால் மொத்தச் சாத்தியங்கள் சுமார் 429 கோடி மட்டுமே.

429 கோடி என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். மனிதர்களுக்குப் பெரியதுதான். கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அது ஒரு நாளுக்குள் முடியும் வேலை. எல்லாச் சாத்தியங்களையும் ஒரு முறை கணக்கிட்டு, வரும் முகவரிகளைப் பட்டியல் போட்டு வைத்துவிட்டால் போதும். பிளாக்செயின் பொதுவெளியில் இருப்பதால், பணம் உள்ள முகவரி எது என்று ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். 36 பூஜ்ஜியங்கள் போட்ட பூட்டு, பத்து இலக்கப் பூட்டாகச் சுருங்கிவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது லெட்ஜர் நிறுவனத்தின் டோஞ்சோன் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு. எக்ஸ்டென்ஷன் வெளிவந்த சில நாட்களிலேயே பிழை பரிசுத் திட்டம் வழியாக டிரஸ்ட் வாலட்டுக்குத் தெரிவித்தார்கள். பிரவுசரின் சொந்தப் பாதுகாப்பான எண் உருவாக்கியை அழைக்கும்படி நிரல் மாற்றப்பட்டது.

எல்லா டெஸ்ட்டும் பாஸ்... பிறகு எப்படி?

மென்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானியங்கிச் சோதனைகளை ஓட்டுகின்றன. 'டெஸ்ட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

டிரஸ்ட் வாலட் பிழையை இந்த வழக்கமான டெஸ்ட்கள் முன் நிறுத்திப் பாருங்கள். 12 சொற்கள் வருகிறதா? வருகிறது. எல்லாம் பட்டியலில் உள்ள சொற்களா? ஆம். கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கும் சரிபார்ப்புப் பகுதி சரியா? சரி. இரண்டு முறை உருவாக்கினால் இரண்டும் வேறு வேறாக இருக்கிறதா? இருக்கிறது. பணம் அனுப்ப முடிகிறதா? முடிகிறது. எல்லாமே பச்சை.

எண்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா என்று புள்ளியியல் சோதனை நடத்தியிருந்தாலும் சிக்கியிருக்காது. பெரும்பாலான புள்ளியியல் சோதனைகளில் மெர்சென் ட்விஸ்டர் ஜம்மென்று தேறிவிடும், அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. பார்ப்பதற்குத் தற்செயல் போலவே இருக்கும், ஊகிக்க மட்டும் முடியும். வெளியே வரும் சில விடைகளை மட்டும் பார்த்தால் உள்ளே போன தொடக்க எண்ணின் அளவு தெரியாது.

அப்படியென்றால் எப்படித்தான் டெஸ்ட் எழுதுவது? விடையைச் சோதிக்காமல் வழியைச் சோதிக்க வேண்டும். பிரவுசரின் பாதுகாப்பான எண் உருவாக்கியை டெஸ்ட்டில் ஒரு டம்மியாக மாற்றி வைத்து, வாலட் உருவாகும்போது அது உண்மையிலேயே அழைக்கப்பட்டதா, முழுசாக 16 பைட் கேட்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்த டம்மியை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ய வேண்டும். அப்போது வாலட் உருவாக்குவது நின்றுபோக வேண்டும். நிற்காமல் வேறு எங்கிருந்தோ எண் எடுத்து 12 சொற்களைக் காட்டினால், அந்த டெஸ்ட் சிவப்பாக வேண்டும். செல்போன், குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எந்தெந்த வடிவத்தில் மென்பொருள் வெளிவருகிறதோ அத்தனையிலும் இதைத் தனித்தனியாக ஓட்டவும் வேண்டும். டிரஸ்ட் வாலட்டில் ஓட்டை விழுந்தது ஒரே ஒரு வடிவத்தில்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

இதே ஓட்டை வேறு ஒரு மென்பொருளிலும் இருந்தது. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற பிட்காயின் கருவியிலும் மெர்சென் ட்விஸ்டர், அதே 32 பிட் தொடக்க எண். 2023 ஜூலையில் திருடர்கள் அதைப் பயன்படுத்தி 9 லட்சம் டாலருக்கும் மேல் சுருட்டினார்கள். தொடக்க எண் பூஜ்ஜியமாக இருந்தால் அந்தக் கருவி தரும் முதல் இரண்டு சொற்கள் 'மில்க்', 'சேட்'. ஆய்வாளர்கள் இந்தப் பிழைக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்: மில்க் சேட்.

சரிசெய்த பிறகும் பணம் போனது ஏன்?

இதுதான் வாலட் பிழைகளை மற்ற ஆப் பிழைகளிலிருந்து பிரிக்கிறது. போட்டோ எடிட் செய்யும் ஆப்பில் பிழை இருந்தால், அப்டேட் செய்தால் முடிந்தது. வாலட்டில் நிரலைத் திருத்தினால் இனி உருவாகும் சாவிகள் மட்டுமே பலமாக இருக்கும். நவம்பர் 14-க்கும் 23-க்கும் இடையில் பிறந்த சாவிகள் பலவீனமாகவே இருக்கும். எத்தனை அப்டேட் போட்டாலும் அந்தச் சொற்கள் மாறாது. பணத்தைப் புதிய வாலட்டுக்கு நகர்த்துவது ஒன்றே வழி, அதை உரிமையாளர்தான் செய்ய வேண்டும்.

இங்கே நிறுவனத்துக்கு ஒரு தர்மசங்கடம். வெளிப்படையாக அறிவித்தால் திருடர்களுக்கும் தெரிந்துவிடும், யார் முந்துவது என்ற போட்டி ஆகிவிடும். அறிவிக்காவிட்டால் உரிமையாளர்களுக்கே தெரியாது. வாலட்டில் பெயர், போன் நம்பர் எதுவும் இல்லாததால் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. டிரஸ்ட் வாலட், பாதிக்கப்பட்ட வாலட்களுக்கு எச்சரிக்கைகள் அனுப்பிப் பார்த்துவிட்டு, 2023 ஏப்ரலில்தான் விவரங்களைப் பொதுவில் வெளியிட்டது. பணம் இழந்தவர்களுக்கு ஈடு செய்வதாகவும் அறிவித்தது. அந்த ஐந்து மாத மௌனம் சரியா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்த இடைவெளியில்தான் இரண்டு திருட்டுகளும் நடந்தன என்பதும் உண்மை.

டிஸ்க்கில் தங்கிய ரகசியம்

சாவி பலமாக இருந்தால் மட்டும் போதுமா? மெட்டாமாஸ்க்கில் நடந்ததைப் பார்த்தால், போதாது என்று தெரியும்.

2022 ஜூனில் ஹால்போர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் பொதுவில் வெளியிட்ட பிழைக்கு 'டெமானிக்' என்று பெயர். மெட்டாமாஸ்க், ஃபேன்டம் உட்பட பல பிரவுசர் வாலட்களில் இருந்தது. இத்தனைக்கும் வாலட்டின் நிரலில் எந்தக் கணக்குப் பிழையும் இல்லை. விஷயம் என்னவென்றால், பிரவுசர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. நீங்கள் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது பிரவுசர் திடீரென்று மூடிக்கொண்டால், திரும்பத் திறக்கும்போது நிரப்பியது அப்படியே இருக்கும். அதற்காகப் பெட்டிகளில் தட்டச்சு செய்வதை பிரவுசர் அவ்வப்போது டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. பாஸ்வேர்ட் பெட்டி என்றால் எழுதாது, சாதாரணப் பெட்டி என்றால் எழுதும்.

பழைய வாலட்டை இம்போர்ட் செய்யும்போது, 12 சொற்களைச் சரியாக அடிக்கிறோமா என்று பார்க்க 'சொற்களைக் காட்டு' என்று ஒரு டிக் பாக்ஸ் இருந்தது. அதை டிக் செய்தால் பாஸ்வேர்ட் பெட்டி சாதாரணப் பெட்டியாக மாறிவிடும். அவ்வளவுதான். 12 சொற்களும் எந்தப் பூட்டும் இல்லாமல் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப் திருடு போனாலோ, வைரஸ் புகுந்தாலோ, அந்தக் கோப்பைத் தேடி எடுத்தால் வாலட் அவர்கள் கையில்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாதவர், அந்த டிக் பாக்ஸைப் பயன்படுத்தியவர், அந்தக் கம்ப்யூட்டர் நம்பகமில்லாத ஒருவர் கைக்குப் போயிருப்பவர் ஆகிய மூன்றும் பொருந்தினால் ஆபத்து என்று மெட்டாமாஸ்க் சொன்னது. 10.11.3 பதிப்பில் பிழை சரிசெய்யப்பட்டது. ஆனால் மறுபடியும் அதே கதைதான். ஏற்கெனவே டிஸ்க்கில் எழுதப்பட்டதை அப்டேட் அழிக்காது. இந்த நிபந்தனைகள் பொருந்துபவர்கள் புதிய வாலட்டுக்குப் பணத்தை மாற்றிவிடும்படி அறிவுறுத்தப்பட்டார்கள்.

இதை எந்த டெஸ்ட் பிடித்திருக்கும்? எக்ஸ்டென்ஷனுக்குள் மட்டும் பார்க்கும் எந்த டெஸ்ட்டும் பிடித்திருக்காது. நிஜ பிரவுசரைத் திறந்து, பரிசோதனைக்கான 12 சொற்களை உள்ளிட்டு, பிரவுசரை மூடி, அதன் கோப்புறையில் அந்தச் சொற்கள் எங்காவது கிடக்கின்றனவா என்று தேடும் டெஸ்ட் வேண்டும். எழுதுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை. இப்படி ஒன்று தேவை என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அதுதான் கஷ்டம்.

0.009 ஈதரில் ஒளிந்திருக்கும் பொறி

எல்லாப் பிழைகளும் இப்படித் தலைப்புச் செய்தி ஆவதில்லை. வாலட் டெவலப்பர்கள் தினமும் மல்லுக்கட்டுவது எண்களோடு.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சாதாரண எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. சுமார் 9,000 லட்சம் கோடியைத் தாண்டினால் முழு எண்களைத் துல்லியமாகப் பிடித்து வைக்காது. 9007199254740993 என்று கொடுத்தால் 9007199254740992 என்று திருப்பித் தரும். எந்த எச்சரிக்கையும் வராது, அமைதியாக மாற்றிவிடும்.

சாதாரண ஆப்பில் யார் இவ்வளவு பெரிய எண்ணை எழுதப் போகிறார்கள்? ஆனால் எத்தீரியத்தில் ஒரு ஈதர் என்பது 1-க்குப் பின் 18 பூஜ்ஜியங்கள் கொண்ட வேய் என்ற சிறு அலகுகளாகக் கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன வரம்பு வெறும் 0.009 ஈதரிலேயே முட்டிவிடும். அதனால் பெரிய எண்களுக்கான தனி வகையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் மறந்து சாதாரண எண்ணாக மாற்றிவிட்டால், திரையில் ஒரு தொகை, கையெழுத்தில் வேறொரு தொகை.

தசம இடங்கள் இன்னொரு பொறி. எத்தீரியத்தில் யுஎஸ்டிடி டோக்கனுக்கு 6 தசம இடங்கள். பிஎன்பி செயினில் அதே பெயரில் உள்ள டோக்கனுக்கு 18. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒரு லட்சம் கோடி மடங்கு.

பெரும்பாலும் டெஸ்ட் எழுதுபவர்கள் '1 ஈதர் அனுப்பு', '10 டோக்கன் அனுப்பு' என்று முழு எண்களைத்தான் கொடுக்கிறார்கள். அவை எப்போதும் பாஸ் ஆகும். வரம்புக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே, 18 தசம இடங்களும் நிரம்பிய ஒரு தொகை, ஒரே ஒரு வேய் என்று ஓரங்களில் போய் இடித்துப் பார்க்கும் டெஸ்ட்கள்தான் பிழையை வெளியே கொண்டுவரும். ஆயிரக்கணக்கான எண்களைக் கம்ப்யூட்டரே உருவாக்கி, 'உள்ளே போன தொகையும் கையெழுத்தான தொகையும் ஒன்றா' என்று மட்டும் கேட்கும் முறையும் உண்டு. நிரலில் 90 சதவீதத்தை டெஸ்ட்கள் தொட்டுவிட்டன என்று ஒரு நிறுவனம் பெருமைப்பட்டால் அதில் அதிகம் மயங்க வேண்டாம். தொட்டது எவ்வளவு என்பதைவிட என்ன கேள்வி கேட்டார்கள் என்பதுதான் கணக்கு.

'புலி வருது' டெஸ்ட்கள்

மெட்டாமாஸ்க் எக்ஸ்டென்ஷனின் நிரல் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் ஒரு பகுதி, மனிதரைப் போலவே குரோமையும் ஃபயர்பாக்ஸையும் திறந்து, பட்டன்களை அழுத்தி, ஒரு பொய்யான பிளாக்செயினில் பணம் அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட்கள்.

இந்த வகை டெஸ்ட்களில் ஒரு தலைவலி உண்டு. நிரலில் எதுவும் மாறாமலே சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் ஆகும். 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்பார்கள். பட்டன் திரையில் வருவதற்குள் டெஸ்ட் அதை அழுத்தப் பார்த்திருக்கும், அல்லது நெட்வொர்க் பதில் வரத் தாமதமாகியிருக்கும். மூன்று முறை இப்படி நடந்தால் டெவலப்பர்கள் என்ன செய்வார்கள்? 'அது சும்மா அப்படித்தான்' என்று சொல்லி மறுபடி ஓட்டுவார்கள். புலி வருது, புலி வருது என்று கத்திய பையன் கதைதான். நிஜமாகவே புலி வரும் நாளில் சிவப்பு விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

'இரண்டு விநாடி காத்திரு' என்று எழுதுவதற்குப் பதில் 'பட்டன் அழுத்தத் தயாராகும்வரை காத்திரு' என்று மாற்றி எழுதுவது சின்ன வேலைதான். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் வாலட்டின் டெஸ்ட்களை மேம்படுத்துவது என்றால் பாதி வேலை இதுதான்.

சில நேரம் தடுமாறும் டெஸ்ட் உண்மையான பிழையைச் சுட்டிக்காட்டும். குரோமின் புதிய விதிப்படி எக்ஸ்டென்ஷனின் பின்னணிப் பகுதி 30 விநாடி வேலை இல்லாமல் இருந்தால் பிரவுசர் அதைத் தூங்க வைத்துவிடும். நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். பரிவர்த்தனை விவரத்தை நிதானமாகப் படித்துவிட்டு 'கன்ஃபர்ம்' அழுத்துகிறீர்கள், அதற்குள் பின்னணிப் பகுதி தூங்கி எழுந்து எல்லாவற்றையும் மறந்திருந்தால்? டெவலப்பர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் சோதிக்கும்போது மடமடவென்று அழுத்திவிடுவார்கள், பிழை தெரியாது. பின்னணிப் பகுதியை வேண்டுமென்றே பாதியில் கொன்றுவிட்டுத் தொடரும் டெஸ்ட்தான் இதைப் பிடிக்கும்.

டெஸ்ட்களில் பயன்படுத்தும் 12 சொற்கள் பற்றியும் ஒரு தகவல். ஹார்ட்ஹேட் என்ற பிரபலமான டெவலப்பர் கருவியில் 'டெஸ்ட்' என்ற சொல் 11 முறையும் கடைசியில் 'ஜங்க்' என்றும் வரும் ஒரு வாலட் எல்லோருக்கும் பொதுவாக உண்டு. சாவி உலகத்துக்கே தெரியும். தவறிப்போய் அந்த முகவரிக்கு உண்மையான ஈதர் அனுப்பினால், காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும்.

வெளி ஆட்களும் பிழை தேடுகிறார்கள்

எவ்வளவு டெஸ்ட் எழுதினாலும் எழுதியவரின் கற்பனைக்கு எல்லை உண்டு. அதனால்தான் பிழை பரிசுத் திட்டங்கள். 2022-இல் ஒரு பாதுகாப்புக் குழுவுக்கு மெட்டாமாஸ்க் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் பரிசு தந்தது. அவர்கள் காட்டியது இதுதான்: ஒரு இணையப் பக்கத்தின் மேல் வாலட்டின் திரையைக் கண்ணுக்குத் தெரியாதபடி ஒட்டிவிடலாம். ஏதோ கேம் விளையாடுவதாக நினைத்துப் பயனர் அழுத்தும் இடத்தில், உண்மையில் 'அனுப்பு' பட்டன் இருக்கும்.

இப்படி ஒரு பிழை தெரியவந்ததும் நல்ல குழுக்கள் உடனே நிரலைத் திருத்த மாட்டார்கள். முதலில் அந்தப் பிழையைக் காட்டும் ஒரு டெஸ்ட்டை எழுதி, அது சிவப்பாவதைப் பார்ப்பார்கள். பிறகு திருத்தி, பச்சையாவதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் தெரியாமல் அதே ஓட்டையைத் திறந்தால், அந்த டெஸ்ட் கத்தும்.

டெஸ்ட்டுக்குப் பிறகு நுழையும் திருடர்கள்

இதுவரை பார்த்தது நிரலில் இருக்கும் பிழைகள். டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு நடப்பது வேறு ரகம்.

2018-இல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற, ஏராளமான மென்பொருட்கள் பயன்படுத்தும் ஒரு சின்ன இலவச நிரலின் பொறுப்பு புதிய நபர் ஒருவரிடம் போனது. அதில் சேர்க்கப்பட்ட ரகசியப் பகுதி, கோப்பே என்ற பிட்காயின் வாலட்டுக்குள் இருந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் சாதுவாக இருக்கும், எந்த டெஸ்ட்டிலும் சிக்காது. கடன் வாங்கிய ஒவ்வொரு நிரலையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்து ஓடவிடும் லாவாமோட் போன்ற கருவிகளை மெட்டாமாஸ்க் பயன்படுத்துவது இந்த மாதிரி தாக்குதல்களைத் தடுக்கத்தான்.

2025 டிசம்பர் 24 அன்று மறுபடியும் டிரஸ்ட் வாலட். 2.68 என்ற பதிப்பு குரோம் வெப் ஸ்டோரில் வந்தது. அதை வெளியிட்டது நிறுவனம் அல்ல. கசிந்துபோன ஸ்டோர் சாவியைப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வழக்கமான சோதனைகள் எதையும் தொடாமல், திருடர்களே நேரடியாக ஏற்றிய பதிப்பு அது. வாலட்டைத் திறந்தவர்களின் ரகசியச் சொற்கள் வெளியே போயின. முதலில் சுமார் 70 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்ட இழப்பு, பின்னர் 85 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. ஈடு தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து தானாக வந்த அப்டேட்தான் இங்கே திருடன். கிட்ஹப்பில் எத்தனை டெஸ்ட் பச்சையாக இருந்தாலும், ஸ்டோரில் இருக்கும் பொட்டலமும் சோதிக்கப்பட்ட நிரலும் ஒன்றுதானா என்று யாராவது ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் பயன் இல்லை.

அடுத்து வந்த 2.69 பதிப்பு அந்தத் திருட்டு நிரலை நீக்கியது. போன சொற்கள் போனதுதான்.

பயன்படுத்துபவர்கள் என்ன செய்யலாம்?

பெரிய தொகையை பிரவுசர் எக்ஸ்டென்ஷனில் வைக்காமல் இருப்பது முதல் பாதுகாப்பு. சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்ட்வேர் வாலட்டை எக்ஸ்டென்ஷனோடு இணைத்தால், எக்ஸ்டென்ஷனில் ஓட்டை இருந்தாலும் சாவி வெளியே போகாது. ஆனால் கருவியின் சின்னத் திரையில் வரும் தொகையையும் முகவரியையும் படிக்காமல் ஓகே கொடுத்தால் அதனால் பலன் இல்லை. வாலட்டுக்குத் தனியாக ஒரு பிரவுசர் புரொஃபைல் வைத்துக்கொள்வதும், கம்ப்யூட்டரின் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வதும் செலவில்லாத வேலைகள்.

உங்கள் வாலட்டில் பிழை என்று செய்தி வந்தால், பதற்றத்தில் கூகுளில் தேடி முதலில் வரும் லிங்கை அழுத்த வேண்டாம். ஒவ்வொரு பெரிய பிழைச் செய்திக்குப் பின்னாலும் 'பிழை திருத்தம்' என்ற பெயரில் 12 சொற்களைக் கேட்கும் போலிப் பக்கங்கள் முளைக்கும். உண்மையான நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சொற்களைக் கேட்காது. செய்தியில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள்: எந்தப் பதிப்பு எண், எந்தத் தேதிகள். உங்கள் வாலட் அந்தத் தேதிகளில் உருவானதா, அல்லது அந்தப் பதிப்பில் திறக்கப்பட்டதா என்று பாருங்கள்.

ஆம் என்றால், பழைய 12 சொற்களை வேறு ஒரு ஆப்பில் இம்போர்ட் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. ஆப் மாறும், சாவி அதேதான். 'புதிய வாலட்டை உருவாக்கு' என்பதைத் தேர்வு செய்து, புதிய 12 சொற்களை எழுதி வைத்துவிட்டு, முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியை மாற்ற வேண்டும்.